கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்

எங்கட வீடுகளில ரீவி ரிமோட்டுக்குச் சண்டை நடக்கிறது புதுசில்லை. முந்தி அது எந்தச் சனல் பாக்கிறது எண்ட சண்டை. அது இப்ப முடிஞ்சுது. தம்பிக்கு கிரிக்கெட் போனில ஓடுது, அக்கா கொரிய நாடகத்தை லப்டொப்பில பாக்கிறா. ஆளுக்கொரு திரை வந்த பிறகு, ஹோலில இருக்கிற பெரிய ரீவி பெரியாக்களுக்கும், எல்லாரும் சேர்ந்து இருக்கிற ஒன்றிரண்டு மணித்தியாலத்துக்கும் எண்டு ஆகிவிட்டது. ஆனால் சண்டை நிக்கேல்லை. இப்ப அது சத்தத்துக்காக. "கூட்டு, ஒண்டும் விளங்குதில்லை." "குறை, காது வெடிக்குது." இந்த ரெண்டு வசனமும் பத்து நிமிசத்துக்குள்ள, கன நேரம் ஒரே ஆளின்ட வாயில இருந்தே வரும்.

இதை வயது போனவையின்ட தொந்தரவு எண்டுதான் பெரும்பாலும் எடுத்துக்கொள்கிறோம். நான் அப்படி நினைக்கவில்லை. ரீவிக்கு முன்னால இருக்கிற ஆரிலயும் பிழையில்லை. ஒவ்வொரு சனலும், ஒவ்வொரு செயலியும், ஒவ்வொரு படமும் தன்ர தன்ர அளவில சத்தத்தை அனுப்பிப்போட்டு, அதைச் சமாளிக்கிற வேலையை ரிமோட் வைச்சிருக்கிறவரின்ட பெருவிரலிட்ட விட்டிருக்கு. இது தீர்க்க ஏலாத பிரச்சினையுமில்லை. இதை அளக்க ஒரு சர்வதேச அளவுகோல் வந்தே இருபது வருசமாகுது.

முதலில எங்கட வீட்டுக் கணக்கைச் சொல்லுறன். உங்கட வீட்டிலயும் இதுக்குக் கிட்டத்தட்ட ஒரு கணக்கு இருக்கும். மாமா பிரான்சில இருந்து வந்து நிக்கேக்க வாங்கித் தந்த ஸ்மார்ட் ரீவி. டிஷ் பெட்டியில செய்தி பாக்க வொலியூம் 18 காணும். அதே பெட்டியில ரெண்டு சனல் தள்ளி நாடகம் எண்டால் 25. நடுவில விளம்பரம் வந்தால் 12க்கு இறக்கவேணும். போனில இருந்து யூரியூப்பை ரீவிக்கு அனுப்பினால் 15. பென்டிரைவில படம் போட்டால் கதைக்கிற இடத்துக்கு 40, அடிபடுற இடத்துக்கு 15. கோயில் திருவிழா நேரலை எண்டால் அதுக்குக் கணக்கே இல்லை. ஐயரின்ட மந்திரத்துக்கு 50 வைச்சிருக்க, மேளகாரர் தொடங்கினவுடன வீடு அதிரும்.

இதில இடத்தின்ட பங்கையும் சேர்க்கவேணும். ஏ9 வீதியால போறவைக்கு ஆனையிறவு எண்டால் ரெண்டு பக்கமும் நீரேரி, உப்பளம், இராணுவ நினைவுச்சின்னம், ஒரு செல்பி. உமையாள்புரம் பக்கம் குடியிருக்கிற எங்களுக்கு அது முதலில காற்று. மரம் குறைஞ்ச வெட்டை. சோளகம் தொடங்கினால் மாதக்கணக்கில ஓயாது. உப்பு விளையுறதுக்கு அந்தக் காற்றும் வெயிலும் வேணும். ஆனால் வீட்டுக்குள்ள தகரம் படபடக்கும். யன்னலைச் சாத்தினால் வெக்கை, திறந்தால் இரைச்சல், மேல ஃபான் சுத்திக்கொண்டிருக்கும். 2014இல திரும்பவும் யாழ்ப்பாணம் வரைக்கும் ஓடத் தொடங்கின ரயில் ஒருக்கால் கடக்கும். ஏ9இல லொறி விடியவிடியப் போகும்.

இப்படி ஒரு வீட்டில, அமைதியான அறைக்கெண்டு கலந்த ஒலி எடுபடாது. மெல்லிய சத்தங்கள் எல்லாம் காற்றுக்கும் ஃபானுக்கும் அடியில தாழ்ந்து போகும். பெரிய சத்தங்கள் மட்டும் மேல வந்து நிக்கும். அதால வொலியூமைக் கூட்டவேண்டி வருது. கூட்டினால் மெல்லியது கேக்கும், பெரியது அடிக்கும். கொழும்பில ஒரு மாடிவீட்டில கதவு சாத்தி ஏசி போட்டுப் பாக்கிறவருக்கு இருக்கிற பிரச்சினைதான் எங்களுக்கும். எங்களுக்கு அது ரெண்டு மடங்கு.

இனி அம்மம்மா. அவவுக்கு எழுபது தாண்டிற்றுது. செய்தியும் ஒரு நாடகமும் பாப்பா. "என்ன பிள்ளை சொல்லுறாங்கள்?" எண்டு கேப்பா. கூட்டினால், அடுத்த விளம்பரத்துக்கு ரெண்டு காதையும் பொத்துவா. வெளியில இருந்து பாக்கிறவைக்கு இது முரண்பாடு மாதிரித் தெரியும். காது கேக்காத ஆளுக்கு ஏன் சத்தம் குத்துது?

இதுக்கு மருத்துவத்தில தெளிவான பதில் இருக்கிறது. உட்காதில் நத்தைச்சுருள் என்ற உறுப்புக்குள்ளே நுண்ணிய மயிர்க்கலங்கள் உண்டு. வயதாலோ, நீண்டகால இயந்திர இரைச்சலாலோ, வெடியதிர்ச்சியாலோ அவை சேதமாகினால் திரும்ப வளர்வதில்லை. அப்போது மெல்லிய ஒலிகள் கேட்காமல் போகின்றன. ஆனால் பெரிய ஒலிகள் நல்ல காதுள்ள ஒருவருக்குக் கேட்கும் அதே உரப்புடனேயே கேட்கின்றன. 'கேட்கவில்லை' என்பதற்கும் 'தாங்க முடியவில்லை' என்பதற்கும் இடையிலான தூரம் குறுகிவிடுகிறது. சாதாரணக் காதுக்கு அந்த இடைவெளி ஒரு முற்றம் என்றால், இவர்களுக்கு அது ஒரு ஒழுங்கை. அதோடு முதலில் போவது பெரும்பாலும் உயர் அதிர்வெண். பேச்சில் சொல்லுக்குச் சொல் வித்தியாசம் காட்டும் மெய்யொலிகள் பல அங்கேதான் இருக்கின்றன. ஆகவே ஆள் கதைப்பது கேட்கும், என்ன கதைக்கிறார் என்பது விளங்காது.

இதை விளங்கிக்கொண்டால் ஒரு விசயம் பிடிபடும். அம்மம்மாவுக்குச் சத்தத்தைக் கூட்டுறதும் உதவியில்லை, குறைக்கிறதும் உதவியில்லை. அவவுக்கு வேண்டியது சமமான சத்தம். அந்த ஒழுங்கைக்குள்ள அடங்கி நடக்கிற சத்தம்.

இது ஒரு வீட்டின்ட கதை மட்டுமில்லை. உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட செவித்திறன் அறிக்கையின்படி, சிகிச்சையோ மறுவாழ்வு உதவியோ தேவைப்படும் அளவுக்குச் செவித்திறன் குறைந்தவர்கள் உலகில் 43 கோடிக்கும் மேல். எங்கட பக்கத்தில வயதோட வேற காரணமும் சேர்ந்திருக்கு. 1991, 2000, 2009 என்று ஆனையிறவு பெரிய சமர்களைக் கண்ட இடம். வன்னியில கடைசி யுத்தத்துக்குள்ள இருந்த சனம் எவ்வளவு ஷெல் சத்தத்துக்குள்ள இருந்தது எண்டு இதை வாசிக்கிற உங்களில கனபேருக்கு நான் சொல்லத் தேவையில்லை. எங்கட எல்லாப் பிரச்சினையையும் யுத்தத்தோட கொண்டுபோய்க் கட்டுறது எனக்கும் பிடிக்காது. ஆனால் காது உடம்பில ஒரு உறுப்பு. வெடிக்குக் கிட்ட நிண்ட காதுக்கு அரசியல் விளக்கம் தேவையில்லை. அந்தக் காதுகள் இப்ப அம்பது, அறுபது வயதில ரீவிக்கு முன்னால இருக்குது. சும்மா ஒரு நகைக்கடை விளம்பரத்துக்கு உடம்பு திடுக்கிட்டுப் போற ஆக்களும் எங்களோடதான் இருக்கினம்.

சரி, ஏன் இப்படி ஏறி இறங்குது?

விளம்பரத்தில இருந்து தொடங்குவம். ஒளிபரப்பில் ஒலிக்கு ஒரு உச்ச வரம்பு உண்டு. விளம்பரமும் அந்த வரம்பைத் தாண்டுவதில்லை. 'நாங்கள் விதியை மீறவில்லை' என்று அவர்கள் சொன்னால் ஒரு வகையில் அது உண்மை. வாசல்நிலையை நினைத்துப் பாருங்கள். ஆறடி உயரம். ஒரு நாடகம் என்பது அந்த வாசலால் போகும் ஒரு குடும்பம். குழந்தை, பள்ளிப் பிள்ளை, கூனின கிழவி, நடுவில் ஒரே ஒரு ஆறடி மாமா. விளம்பரம் எண்டால் வரிசையாக ஆறடி ஆக்கள் மட்டுமே போவது. ஒருத்தரும் நிலையில் தலை இடிக்கவில்லை. ஆனால் வாசல் முழுக்க அடைத்துக்கொண்டு போகிறார்கள். ஒலியை 'கொம்பிரஸ்' செய்வது என்பது இதுதான். மெல்லிய பகுதிகளை எல்லாம் மேலே இழுத்து, உச்சத்துக்குக் கிட்ட நிறுத்திவிடுவது. காது உச்சத்தை மட்டும் கணக்கெடுப்பதில்லை. மொத்தமாக எவ்வளவு நேரம், எவ்வளவு உரப்பாக வந்தது என்பதைத்தான் 'சத்தம் கூட' என்று உணருகிறது.

படங்களில் இது தலைகீழ். திரையரங்குக்காகக் கலக்கப்பட்ட ஒலி, பெரிய இருட்டறை, பெரிய ஒலிபெருக்கிகள், வேறு இரைச்சல் இல்லாத சூழல் என்பவற்றை எதிர்பார்த்துச் செய்யப்பட்டது. அங்கே காதோடு சொல்லும் வசனமும் கேட்கும், குண்டும் அதிரும். பல தடங்களுள்ள கலவையில் வசனம் பெரும்பாலும் நடு ஒலிபெருக்கிக்கென்று வைக்கப்படும். எங்கட ரீவியில் நடு ஒலிபெருக்கி இல்லை. கீழ்ப்பக்கம் பார்த்தபடி இரண்டு சின்ன ஒலிபெருக்கிகள்தான். ஐந்தாறு தடத்தை இரண்டாக மடிக்கும்போது, வசனத்துக்கு மேல் பின்னணி இசை வந்து குந்திக்கொள்கிறது. கிறிஸ்டோபர் நோலனின் 'இன்டர்ஸ்டெலர்' (2014), 'டெனெட்' (2020) படங்களில் வசனம் கேட்கவில்லை என்று திரையரங்கில் பார்த்தவர்களே முறையிட்டார்கள். அதை வீட்டில் பென்டிரைவில் பார்ப்பவரின் நிலை என்ன?

தமிழில் ஆகக் கிட்டிய உதாரணம் 'கங்குவா'. 2024 நவம்பர் 14 வெளியான படம். முதல் நாளே சத்தம் தாங்கமுடியவில்லை என்று முறைப்பாடு. ஒஸ்கார் பெற்ற ஒலிக்கலைஞர் ரசூல் பூக்குட்டி இதைப் பற்றி வெளிப்படையாக எழுதினார். ஒலி செய்தவரைக் குற்றஞ்சொல்வதா, கடைசி நேரம் வரை மாற்றச் சொல்லிக்கொண்டே இருப்பவர்களைக் குற்றஞ்சொல்வதா என்பதுதான் அவருடைய கேள்வி. தயாரிப்பாளர் ஞானவேல்ராஜா, திரையரங்குகளில் ஒலியளவை இரண்டு புள்ளி குறைக்கச் சொல்லியிருப்பதாக அறிவித்தார். படத்தின் நல்லது கெட்டதை இங்கே பேச வரவில்லை. நான் கவனித்தது வேறொன்று. ஒரு பெரிய படத்துக்குச் சனம் 'சத்தம் கூட' என்று சேர்ந்து சொன்னதும் இரண்டு புள்ளி குறைந்தது. அதே முறைப்பாட்டை ஒவ்வொரு நாளும் வீட்டு ஹோலில் சொல்லும் அம்மம்மாக்களுக்கு அப்படி ஒரு தயாரிப்பாளர் கிடைப்பதில்லை.

மூன்றாவது காரணம் செயலிகள். இங்கே எண்களைப் பார்ப்பது நல்லது. ஒலியின் உரப்பை அளக்க இப்போது பொதுவாகப் பாவிக்கும் அலகு எல்.யூ.எஃப்.எஸ். மனிதக் காது எப்படி உணருமோ அதற்குக் கிட்டத்தட்ட ஒத்துப்போகும் கணக்கு இது. பூச்சியத்துக்குக் கிட்ட வரவர உரப்புக் கூட. ஐரோப்பியத் தொலைக்காட்சிகளின் இலக்கு -23. நெட்ஃபிளிக்ஸ் தன்னிடம் வரும் படங்களுக்கு வசனத்தை வைத்துக் கேட்பது -27. யூரியூப் கிட்டத்தட்ட -14க்கு மேல் போனால் குறைத்துவிடும். ஆனால் அதுக்குக் கீழே மெல்லிசாக ஏற்றியதை உயர்த்தித் தராது. அதாவது ரிமோட்டில் அதே 20 இருக்க, ஒன்றிலிருந்து மற்றதுக்கு மாறினால் 13 டெசிபெல் வரைக்கும் தாவலாம். 10 டெசிபெல் கூடினாலே காதுக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு சத்தமாகத் தெரியும். ஒருவருக்கும் காது பழுதில்லாத வீட்டிலும் சண்டை வர இது காணும்.

இதை உலகம் எப்படிக் கையாண்டது எண்டு பாத்தால் எனக்குக் கொஞ்சம் கோபம் வருது. ஏனெண்டால் இது அவ்வளவு கஸ்டமான வேலையில்லை. 2006இல் சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியம் உரப்பை அளக்கும் முறையை ஒரு பரிந்துரையாக வெளியிட்டது. 2008இல் பிரித்தானியா, விளம்பரங்கள் அளவுக்கு மீறிச் சத்தமாக இருக்கக்கூடாது என்று விளம்பர விதிக்குள் கொண்டுவந்தது. 2010இல் ஐரோப்பிய ஒலிபரப்பாளர் ஒன்றியம் அந்த -23ஐ இலக்காக வைத்தது. அதே ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவில் விளம்பரச் சத்தத்துக்கென்றே ஒரு சட்டம் கையொப்பமானது. அன்னா எஷூ என்ற காங்கிரஸ் உறுப்பினர் கொண்டுவந்தது. 2012 டிசம்பர் 13 முதல் விளம்பரமும் நிகழ்ச்சியும் ஒரே சராசரி உரப்பில் இருக்கவேண்டும் என்று ஆனது. அந்தச் சட்டம் இணையவழிச் சேவைகளைத் தொடவில்லை. அந்த ஓட்டையை அடைக்க 2025 ஒக்ரோபரில் கலிபோர்னியா மாநிலம் ஒரு சட்டம் போட்டது. 2026 ஜூலை 1 முதல் அது நடைமுறை. அதன் பின்னால் இருந்த கதை, நித்திரையாக்கின கைக்குழந்தை ஒன்று விளம்பரச் சத்தத்துக்கு எழும்பினது. ஒரு பிள்ளையின்ட நித்திரைக்குச் சட்டம் எழுதலாமெண்டால், அம்மம்மாவின்ட பின்னேரத்துக்கும் எழுதலாம்.

இந்தியாவில் 1994ஆம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சி விதிகளிலேயே விளம்பரத்தின் படமும் ஒலியும் அளவுக்கு மிஞ்சி 'உரத்ததாக' இருக்கக்கூடாது என்ற வரி உண்டு. ஆனால் 'அளவுக்கு மிஞ்சி' என்றால் எவ்வளவு என்று அந்த வரி சொல்லவில்லை. சன் குழுமச் சனல்களையும் விஜய்யையும் டிஷ்ஷில் பார்க்கும் நாங்கள் அந்த நாட்டு ஒலியையும் சேர்த்துத்தான் கேட்கிறோம். எண் இல்லாத விதி ஒரு அறிவுரை. அவ்வளவுதான்.

எங்கட நாட்டுக்கு வருவம். வெளிச் சத்தத்துக்கு இங்கே நீதிமன்றம் பேசியிருக்கிறது. 2007 நவம்பரில் உயர் நீதிமன்றம் ஒலிபெருக்கிப் பாவனையைக் கட்டுப்படுத்தி, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை அதுக்கு அனுமதி கொடுக்கக்கூடாது என்று உத்தரவிட்டது. அது எவ்வளவுக்குப் பின்பற்றப்படுகிறது என்பது ஆடி, ஆவணித் திருவிழாக் காலத்தில் உங்களுக்கே தெரியும். ஆனாலும் ஒரு எண் இருக்கிறது, ஒரு நேரம் இருக்கிறது, பொலிசுக்குப் போன் எடுக்க ஒரு நியாயம் இருக்கிறது. வீட்டுக்குள் ரீவியால் வரும் சத்தத்துக்கு நீங்கள் ஆருக்குப் போன் எடுப்பீங்கள்? உங்களுக்குத் தெரிஞ்ச ஆரும் அப்படி முறையிட்டிருக்கினமா?

இங்கே ஒரு சிக்கலையும் சொல்லவேண்டும். ஒலிபரப்பை ஒழுங்குபடுத்த ஒரு அதிகாரசபை என்றாலே இலங்கையில் பயம் வரும், அது நியாயமான பயம். 1997இல் கொண்டுவரப்பட்ட ஒலிபரப்பு அதிகாரசபைச் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரண் என்று உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. அந்தச் சபை அரசாங்கத்திடமிருந்து சுயாதீனமாக இருக்காது என்பது முக்கிய காரணம். 2023இல் வந்த வரைவையும் ஊடகவியலாளர்கள் எதிர்த்தார்கள். தமிழ் ஊடகங்கள் பட்ட பாட்டுக்குப் பிறகு, 'அரசாங்கம் வந்து ஊடகத்தைக் கவனிக்கட்டும்' என்று நான் எழுதப்போவதில்லை.

ஆனால் உரப்பு என்பது உள்ளடக்கம் இல்லை. ஒருத்தர் என்ன சொன்னார் என்று பார்க்காமலே அதை அளக்கலாம். மீற்றருக்கு மொழி தெரியாது, கட்சி தெரியாது. கடையில் தராசைச் சரிபார்ப்பவர் நீங்கள் விற்கிற அரிசி சம்பாவா நாட்டரிசியா என்று கேட்பதில்லை. கருத்துச் சுதந்திரத்தில் கை வைக்காமல் ஊடகத்தை ஒழுங்குபடுத்தக்கூடிய விசயம் ஒன்று இருக்குமென்றால் அது இதுதான். ஆகவே கோரிக்கை ஒரு வரிதான்: விளம்பரத்தின் சராசரி உரப்பு நிகழ்ச்சியை விடக் கூடக்கூடாது, எல்லாச் சனல்களும் ஒரே எண்ணைப் பின்பற்றவேண்டும், மீறினால் முறையிட ஒரு இலக்கம் வேண்டும். சட்டம் வரும்வரைக்கும் பாத்துக்கொண்டிருக்கவும் தேவையில்லை. தமிழ்ச் சனல்கள் தாங்களாகவே கூடி ஒரு எண்ணை வைத்துக்கொள்ளலாம். அதுக்குத் தேவையான மென்பொருளின் விலை, ஒரு விளம்பரத்தின் வருமானத்தை விடப் பெரிதாக இராது.

இதுக்கு எதிர்ப்பேச்சு ரெண்டு வரும்.

ஒண்டு, "பிடிக்காட்டி நிப்பாட்டலாமே." நிப்பாட்டலாம். அதுதான் நடக்குது. சத்தம் குத்துது எண்டு பெரியாக்கள் எழும்பி வெளித் திண்ணைக்குப் போகினம். பிறகு எழும்பி வரமாட்டினம். ரீவி நல்லதோ கெட்டதோ, எங்கட வீடுகளில பின்னேரம் எல்லாரும் ஒரே இடத்தில இருந்து ஒரே விசயத்துக்குச் சிரிக்கிற கடைசி இடம் அது. காது கேக்காத ஆள் கதையில இருந்து விலகும், கதையில இருந்து விலகின ஆள் மெல்ல ஆக்களில இருந்தும் விலகும். 'லான்செட்' மருத்துவ இதழின் ஆணைக்குழு 2017, 2020, 2024 மூன்று அறிக்கைகளிலும் மறதிநோய்க்கான, தவிர்க்க முயலக்கூடிய ஆபத்துக் காரணிகளில் ஒன்றாகச் செவித்திறன் இழப்பைச் சேர்த்திருக்கிறது. விளம்பரச் சத்தத்தால் மறதிநோய் வரும் என்று நான் சொல்லவில்லை. கேட்க முடியாமல் ஒதுங்குவது சின்ன விசயம் இல்லை என்று மட்டும் சொல்கிறேன்.

ரெண்டாவது, "வன்னியில வேற பிரச்சினை இல்லையோ?" இருக்கு. காணி, வேலை, காணாமல் ஆக்கப்பட்டவர்கள். எங்கட உப்பளத்து உப்புக்கு என்ன பேர் வைக்கிறது எண்டதே 2025இல பெரிய கதையாகினது. அவை எல்லாம் பெரிய பிரச்சினைகள் எண்டதுக்காக ஒரு கிழவியின்ட பின்னேரம் வீணாகிறது சரியாகாது. பெரிய பிரச்சினைகள் தீரும்வரைக்கும் சின்னதுகள் வரிசையில நிக்கவேணுமெண்டால், எங்கட சனம் செத்த பிறகுதான் அதுகளின்ட முறை வரும்.

அதுவரைக்கும் வீட்டில செய்யக்கூடியதுகள் கொஞ்சம் இருக்கு. காசு செலவில்லாததில இருந்து சொல்லுறன்.

டிஷ் பெட்டியின்ட வொலியூமை ஒரு இடத்தில, முழு அளவுக்குக் கிட்ட வைச்சுப்போட்டு, அந்த ரிமோட்டால திரும்பத் திரும்ப மாத்திறதை விடுங்கோ. ரீவி ரிமோட்டால மட்டும் கூட்டிக் குறையுங்கோ. ரெண்டு இடத்திலயும் மாத்தினால் கணக்குத் தப்பும். பெட்டியின்ட ஒலி அமைப்பில டொல்பி எண்டு இருந்தால் 'பிசிஎம்' அல்லது 'ஸ்டீரியோ' எண்டு மாத்திப் பாருங்கோ. சனலுக்குச் சனல் தாவுறது கன பெட்டிகளில குறையும்.

ரீவியின்ட ஒலி மெனுவுக்குள்ள 'ஓட்டோ வொலியூம்', 'நைட் மோட்', 'கிளியர் வொய்ஸ்' எண்டு ஏதாவது இருக்கும். பேர் கொம்பனிக்குக் கொம்பனி மாறும், வேலை ஒண்டுதான். 'சினிமா' எண்ட அமைப்பை அம்மம்மா பாக்கிற நேரத்துக்கு விடுங்கோ. பேஸைக் குறைச்சால் வசனம் மேல வரும். இதில ஒரு நட்டமும் இருக்கு. ஓட்டோ வொலியூம் போட்டால் பாட்டுக் கேக்கிற சுகம் போகும், இசை மூச்சு வாங்கிற மாதிரி ஏறி இறங்கும். அப்ப பாட்டு நேரத்துக்கு எடுத்துவிடுங்கோ.

யூரியூப்பில வீடியோவின்ட அமைப்புச் சக்கரத்துக்குள்ள 'ஸ்டேபிள் வொலியூம்' எண்டு ஒண்டு 2023இல இருந்து வந்திருக்கு. அது போட்டிருக்கா எண்டு பாருங்கோ. பென்டிரைவ் படத்துக்கு, ரெண்டு தட ஒலி இருக்கிற பிரதி கிடைச்சால் அதை எடுங்கோ. லப்டொப்பில விஎல்சியால போடுறீங்கள் எண்டால் அதில ஒலியைச் சமப்படுத்திற வசதி இருக்கு.

கடைசியா, எல்லாத்திலயும் சுகமானது: கதிரையைக் கிட்டப் போடுங்கோ. ஒலி தூரத்தோட தேயும். ஒரு மீற்றர் முன்னுக்கு இருந்தாலே வசனம் காத்தை முந்தி வரும். ரீவியோட இணைக்கிற ஒரு சின்ன ஸ்பீக்கரை அம்மம்மாவின்ட பக்கத்தில வைச்சால் மற்ற ஆக்களுக்குக் கூட்டத் தேவையில்லை. காதைப் பரிசோதிக்கக் கூட்டிக்கொண்டு போறதையும் பிந்தப்போடாதீங்கோ. "வயசு போனால் அப்படித்தான்" எண்டது ஒரு வைத்திய முடிவில்லை.

இனி இதை வாசிக்கிற உங்களிட்ட நேரடியா ஒண்டு. இந்தக் குழுமத்தில எழுதுற, வாசிக்கிற கனபேர் குறும்படம் எடுக்கிறீங்கள், யூரியூப் சனல் நடத்திறீங்கள், கோயில் நேரலை, கலியாண வீடியோ செய்யிறீங்கள். நாங்கள் சனல்காரரைக் கேக்க முதல் எங்கட வேலையைப் பாக்கலாம். ஒடாசிற்றி இலவசம், அதில உரப்பைச் சமப்படுத்திற கட்டளை இருக்கு. டாவின்சி ரிசோல்வின்ட இலவசப் பதிப்பிலயே உரப்பு மீற்றர் இருக்கு. படத்தை ஏத்த முதல் அந்த எண்ணை ஒருக்கால் பாருங்கோ. ஹெட்போனில கலந்து முடிச்ச பிறகு, அதை வீட்டு ரீவியில, ஃபான் சுத்தேக்க, ஒரு வயது போன ஆளைப் பக்கத்தில இருத்தி ஒருக்கால் போட்டுக் காட்டுங்கோ. அவர் "என்ன சொல்லுறான்?" எண்டு கேட்டால் அந்த இடத்தில வசனத்தை மேல எடுங்கோ. காதைப் பொத்தினால் இசையை இறக்குங்கோ. தமிழ்ப் படத்துக்குத் தமிழிலயே கீழ்வரி போடுறதை நாங்கள் தொடங்கி வைக்கலாம். கொரிய நாடகத்துக்குக் கீழ்வரி வாசிக்கிற எங்களுக்கு அது புதுப் பழக்கமுமில்லை.

ஒரு படைப்பு எவ்வளவு சத்தமாக இருக்கிறது என்பதை நாங்கள் கனகாலமாகப் பலத்தின் அளவாக எடுத்துக்கொண்டிருக்கிறோம். படத்தில், மேடையில், விளம்பரத்தில், கோயில் கூம்பு ஒலிபெருக்கியில் எல்லாம் அப்படித்தான். சொல்ல வந்தது கேட்கிறவருக்கு விளங்கினதா என்று பார்ப்பது அதைவிட நேர்மையான அளவு. அதை அளக்க மீற்றர் கூடத் தேவையில்லை. பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டாலே போதும்.